வெள்ளரிக்காய்க்கு வந்த மரியாதை

"எனக்கு வெள்ளரிக்காய் சுஷி மட்டும் போதும்மா. நறுக்கற கத்தியில மீன் வாடைகூட இருக்கக்கூடாது."

அத்தான் இப்படிச் சொன்னதும் பரிமாறும் பெண் குறித்துக்கொள்ளாமல் அவரையே பார்த்தாள். பிறகு, தான் வேலை பார்ப்பது எந்தக் கடையில் என்று சந்தேகம் வந்தவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள். சுவரில் மீன். மெனு அட்டையில் மீன். அவள் கட்டியிருந்த ஏப்ரனிலும் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது.

"சார், இது பச்சை மீனைச் சோத்து மேல வெச்சுத் தர்ற கடை."

"தெரியும்மா. நீ அந்த மீனை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் குடு. நான் வீகன். மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடமாட்டேன்."

"தேன் கூடவா? ஏன் அத்தான், தேனீ வந்து உங்ககிட்ட அழுதுச்சா?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான்.

மச்சான், அத்தானின் மனைவிக்குத் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். உயிர் போகிற விஷயமாக இருந்தாலும் அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"இவருக்கு எல்லா மீன்லயும் ஒவ்வொண்ணு கொண்டு வாம்மா" என்றார் அத்தான்.

மச்சானுக்கு மனசு குளிர்ந்தது. முன்பெல்லாம் அவன் வீட்டுக்கு வந்தால், அத்தான் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். ஒருநாள் மீன் தொட்டி முன்னால் நின்றாராம். உள்ளே இருந்த மீன் அவரையே உற்றுப் பார்த்ததாம். அன்றோடு அசைவத்தை விட்டார். அன்றிலிருந்துதான் மச்சான்மேல் இந்தப் பாசம். நண்டுக் கடை, இறால் கடை என்று மாசத்துக்கொரு கடைக்குக் கூட்டிப்போகிறார்.

தட்டுகள் வந்தன. மச்சான் முதல் துண்டை வாயில் போட்டான்.

"எப்படி இருக்கு?" அத்தான் முன்னால் சாய்ந்தார்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? வழுக்குதா, கடிபடுதா? விவரமாச் சொல்லு மச்சான்."

மச்சான் கண்ணை மூடி யோசித்தான். "எண்ணெய் போட்ட லிஃப்ட் சத்தமில்லாம கீழ இறங்கற மாதிரி இறங்குது. எப்ப தொண்டையைத் தாண்டுச்சுன்னே தெரியல."

"ஆகா! அடுத்தது?"

"இது கொஞ்சம் முரண்டு பிடிக்குது. கடைசி மாடியில கதவு திறக்காம ஒரு நொடி நிக்குமே, அப்படி. ஆனா திறந்ததும் பாருங்க, குளுகுளுன்னு காத்து!"

அத்தான் வெள்ளரிக்காய்த் துண்டைக் கையில் பிடித்தபடி சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் தன் நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என் பொண்டாட்டிகூட நான் பேசறதை இப்படிக் கேட்டதில்ல அத்தான்."

"அவளுக்குக் குடுத்து வைக்கல. அந்த வெள்ளை மீனை எடு."

மேடைக்குப் பின்னால் மீன் அறுத்துக்கொண்டிருந்த சமையல்காரர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். கடையும் அவருடையதுதான். அத்தான் ஒவ்வொரு வெள்ளரித் துண்டைக் கடிக்கும்போதும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

சற்று நேரத்தில் பரிமாறும் பெண் ஒரு தனித் தட்டோடு வந்தாள். ரோஜா நிறத்தில் மினுமினுக்கும் மீன் துண்டுகள்.

"மாஸ்டர் உங்களுக்குன்னே குடுத்தனுப்பினார் சார். காசு வேணாமாம்."

அத்தான் அந்தத் துண்டுகளைத் தொடக்கூட இல்லை. ஒரு விரலால் தட்டை மச்சான் பக்கம் தள்ளிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் கத்திச் சத்தம் நின்றது. சமையல்காரர் கத்தியைப் பிடித்த கையோடு வெளியே வந்தார்.

"அத்தான், எந்திரிங்க!" மச்சான் வாயில் மீனோடு பதறினான். "மீன் கடையில வெள்ளரிக்காய் கேட்டதுக்கு ஆள் வெட்ட வர்றான்!"

சமையல்காரர் வந்து நின்றார். கையில் கத்தி இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவசரமாக மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, நான் கடையை மூடிடவா?"

"எதுக்கு?" என்றார் அத்தான்.

"முன்ன நான் வேலை பார்த்த கடைக்கு நீங்க வந்திருக்கீங்க. தட்டை வழிச்சுச் சாப்பிட்டீங்க. இன்னைக்கு என் கையால குடுத்தும் ஒரு துண்டு தொடல. நல்லா இல்லன்னா முகத்துக்கு நேரா நாலு வார்த்தை திட்டிடுங்கய்யா. இப்படி வெள்ளரிக்காயைத் தின்னு அவமானப்படுத்தாதீங்க."

"யோவ், அவரு வீகன்யா!" என்று கத்தினான் மச்சான். "சாப்பிட்டது நான். நான் சொல்றேன், உன் கடை சூப்பர். போதுமா?"

"நீங்க சொல்லி என்ன சார் ஆகப்போகுது?" சமையல்காரர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பேப்பர்ல வாராவாரம் மீன் சாப்பாட்டைப் பத்தி எழுதறவர் ஐயா. அவர் ஒரு வரி எழுதினா கடை நிக்கும், இல்லன்னா படுத்துடும்."

அத்தானுக்குப் பேப்பர் ஆபீசில் வேலை என்பது வரைதான் மச்சானுக்குத் தெரியும். அவன் வாய் பாதி மென்ற மீனோடு அப்படியே நின்றது.

அத்தான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சமையல்காரரின் காதருகே குனிந்தார்.

"வெளிய சொல்லிடாதீங்க மாஸ்டர், என் வேலை போயிடும். நான் மீனை விட்ட நாள்லேர்ந்து பேப்பர்ல வர்ற ஒவ்வொரு வரியும் மச்சான் மென்னு சொன்னதுதான்."