மூவாயிரமாவது வாசல்

"தம்பி, நீ கொண்டுவந்த கம்ப்யூட்டர் வேண்டாம். அதுல முன்னாடியே எல்லாம் செஞ்சு வெச்சிருப்பீங்க. இதுல செஞ்சு காட்டு."

செஃபெரினா அம்மாள் தன் அறையிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்துவந்து சமையலறை மேசைமேல் வைத்தாள். எவெலியோ தான் கொண்டுவந்ததை மூடிப் பைக்குள் வைத்தான்.

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் லூக்கே ஊரில் ஒருவன் பெண் கேட்கப் போய் வேர்த்து வழிந்த கதையைச் சொல்கிறேன்.

எவெலியோவின் தொழில் சிப்பா சுடுவது. மரவள்ளி மாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து வளையம் வளையமாகச் சுட்டு, பேருந்து நிலையத்தில் விற்பான். அவன் காதலி நிமியாவுக்கோ தலைநகரில் மென்பொருள் வேலை. "என் மகளைக் கம்ப்யூட்டர்காரனுக்குத்தான் கொடுப்பேன்" என்று அவள் அம்மா செஃபெரினா ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதனால் நிமியா, எவெலியோ தன் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறான் என்று ஒரு புளுகு விட்டாள்.

"அப்படியா? என் கண்ணு முன்னாடி ஒரு வலைப்பக்கத்தை ஓட்டிக் காட்டட்டும். ஓடினா கல்யாணம். ஓடலேன்னா வந்த வழியே போகட்டும்" என்றுவிட்டாள் அம்மா.

மூன்று வாரம் நிமியா சொல்லிக் கொடுத்தாள். யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் தொடக்க மாதிரியை இறக்க வேண்டும். அதற்கு வேண்டிய துணைச் சாமான்களை நிறுவ வேண்டும். ஓடவிட வேண்டும். கடைசியாக அதே கணினியில் மூவாயிரம் என்ற எண்ணுள்ள வாசலைத் திறந்தால், 'வணக்கம்' என்று ஒரு பக்கம் வரும். நாலே படி. எவெலியோ மாவு பிசையும்போதெல்லாம் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தான்.

"ம்மா, இது நான் காலேஜ்ல வெச்சிருந்ததாச்சே. உள்ளே தூசிதான் இருக்கும்" என்றாள் நிமியா.

"நீ பேசாதே. பரீட்சை உனக்கில்ல."

எவெலியோ ஒவ்வொரு விரலாகத் தட்டினான். முதல் படி தாண்டிவிட்டது. இரண்டாவதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். நிமியா இருமினாள். அவன் திருத்திக்கொண்டான்.

"இருமலா? அப்ப உனக்குத் தெரெரே கிடையாது. ஐஸ் தண்ணி ஊத்தின இலைச்சாறாச்சே" என்று அம்மாள் மகளிடமிருந்து குழல் போட்ட குடுவையைப் பறித்து அவனிடம் நீட்டினாள். "நீ குடி தம்பி. இப்படி வேர்க்குதே உனக்கு!"

திரையில் பெயர்கள் வரிவரியாக ஓடத் தொடங்கின.

"என்ன இது, ஊர்வலம் மாதிரி போய்க்கிட்டே இருக்கு?"

"துணைச் சாமான்கள்ம்மா. எண்ணூத்துச் சொச்சம்" என்றான் எவெலியோ.

"எல்லாம் நீ செஞ்சதா?"

"இல்லம்மா. மத்தவங்க செஞ்சு வெச்சது."

"அப்ப நீ என்னதான் செய்றே?"

"மாவை நாமளேவா அரைக்கிறோம்? வாங்கிப் பிசையற பதத்துலதாம்மா..."

நிமியா பலமாக இருமினாள்.

"மாவா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

மூன்றாவது படி. கண்ணை மூடி, குவாதலூப்பே மாதாவை நினைத்து, பொத்தானை அழுத்தினான். கண்ணைத் திறந்தால் திரையில் சிவப்பு எழுத்து. மூவாயிரமாவது வாசலில் ஏற்கெனவே வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறதாம். இதற்கு வழியில்லையாம்.

சிவப்பு எழுத்தைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நிமியாவைப் பார்த்தான். அவளும் முழித்தாள். தூசி படிந்த கணினியில் வேறென்ன ஓட முடியும்?

"என்ன தம்பி, நின்னுபோச்சா?"

எவெலியோ கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான்.

"எனக்கு இது ஒண்ணுமே தெரியாதும்மா. எல்லாம் மனப்பாடம். நான் சிப்பா சுடுறவன். கம்ப்யூட்டர்காரன் இல்ல. ஆனா உங்க பொண்ணை நான் பட்டினி போடமாட்டேன். அது மட்டும் சத்தியம்."

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று நிமியா தலையில் கைவைத்தாள்.

அம்மாள் குடுவையைத் திரும்ப வாங்கி, அவசரப்படாமல் குழலில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள்.

"நாலாவது படி என்னன்னு இவ சொல்லிக் குடுத்தா?"

"வாசலைத் திறக்கணும்."

"அப்ப திற. எதையும் அரைகுறையா விடக்கூடாது."

அவன் திறந்தான். 'வணக்கம்' வரவில்லை. கோணல்மாணலாகப் பூ வரைந்த ஒரு பக்கம் வந்தது: 'நிமியா, எவெலியோ திருமணம். அனைவரும் வருக. விருந்துக்கு சிப்பா, மாப்பிள்ளையின் கைப்பக்குவம்.'

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஜெபமாலைக்குன்னு சொல்லிட்டு, நூலகத்துல கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கிட்டிருந்தேன். நீயும் இவளும் பஸ் ஸ்டாண்டுல சிப்பாக் கூடையோட நிக்கிறதை அப்பவே பாத்துட்டேன். இந்தக் கம்ப்யூட்டர்ல இதைச் செஞ்சு ஓட விடவே மூணு மாசம் ஆயிடுச்சு" என்றாள் செஃபெரினா அம்மாள். "புளுகினதுக்கு நீ வேர்த்தது போதும், உன் பக்கம் எத்தனை பேர் வருவாங்கன்னு கீழே இருக்குற கட்டத்துல போட்டு அழுத்து மாப்பிள்ளே, வேலை செய்யுதான்னு பாப்போம்."

உங்கள் வீட்டு வாசலுக்கும் நல்ல மனசோடு யாராவது தயங்கித் தயங்கி வந்தால், உள்ளே அவர்களுக்கு முன்கூட்டியே தட்டு தயாராக இருக்கட்டும், கண்ணுகளா.