மெலிந்த அடுக்கு

இருட்டிய அறையில் அவர் கண்ணின் உள்ளே படமெடுக்கும் கருவியின் மேல் முகவாயை வைத்து அமர்ந்திருக்கிறார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், போன வாரம் சொந்தத் தெருவுக்கே வழி தெரியாமல் நின்றுவிட்டார். "பச்சைப் புள்ளியையே பாருங்க, சிமிட்டாதீங்க" என்கிறாள் படமெடுக்கும் பெண். பளிச்சென்று ஒரு வெளிச்சம். பக்கத்துத் திரையில் அவருடைய கண்ணின் உட்புறம் செக்கச்செவேலென்று விரிகிறது. மஞ்சள் வட்டம் ஒன்றிலிருந்து ரத்தக்குழாய்கள் மயிரிழை மயிரிழையாகப் பிரிந்தோடுகின்றன. பக்கத்தில் நிற்கும் மனைவி திரையருகே குனிகிறாள். இத்தனை வருஷம் கோபத்தையும் குறும்பையும் பார்த்துப் பழகிய அதே கண்தானா இது? டாக்டர் இன்னொரு படத்தில் விழித்திரையின் அடுக்கடுக்கான கோடுகளைக் காட்டுகிறார். "இந்த நரம்பெல்லாம் மூளையோட பகுதிதான்மா. மண்டையைத் திறக்காமலே எட்டிப் பாக்கறோம். இந்த அடுக்கு கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. இதை மட்டும் வெச்சு மறதி நோய்னு சொல்லிட முடியாது, மத்த சோதனையும் பாத்துடலாம்." மனைவியின் விரல் அந்தக் கோட்டருகே போய், தொடக் கூசி நின்றுவிடுகிறது. இவ்வளவு மெல்லியதிலா ஒரு மனிதர் இருக்கிறார்?

"என்ன தெரியுது?" என்கிறார் அவர்.

"அழகா இருக்குங்க."

"அப்ப ஒண்ணுமில்லையா?"

"அப்படிச் சொல்லலை. அழகா இருக்குன்னு சொன்னேன்."

அவர் முகத்தைக் கருவியிலிருந்து எடுத்து, மெல்ல எழுந்து வருகிறார். "கொஞ்சம் நகரு. நானும் பாக்கறேன்."