முக்கால் மணி நேரத் தூரம்

மூன்றாவது தடவை அடித்தபோதுதான் அண்ணன் போனை எடுத்தான். தங்கை நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில கிடக்குதுண்ணே. ஒரு வாரமா உன் பேரைத்தான் சொல்லுது. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"நினைச்சதும் வர்ற தூரமா அது?"

"பிளேன்ல முக்கால் மணி நேரம்தானே?"

"பஸ்ஸைத் தவிர எதுலயும் ஏறாதவ, நீ எனக்குக் கணக்குச் சொல்றியா? பறக்கிறதுதான் முக்கால் மணி. முன்னாடியே போகணும், சோதனைன்னு வரிசையில நிக்கணும், ஒரு நாளே போயிடும். இங்க வேலை கழுத்தை நெரிக்குது. ஊரை விட்டு அசைய முடியாது."

"நிஜமாவா?"

"அம்மா மேல சத்தியமா."

அவள் போனை வைத்தாள். உள்ளூர் விமான நிலையத்தில் தரை துடைக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து மூன்று மாதமாகிறது. அண்ணன் ஒரு நாளும் விசாரித்ததில்லை. தூணோரம் நின்று, அவன் முதுகைப் பார்த்தபடியேதான் இவ்வளவும் பேசினாள். அவன் பக்கத்தில் அண்ணி பெரிய பரிசுப் பொட்டலத்தோடு நின்று, வந்திறங்கியவர்களின் சாமான்கள் சுற்றிவரும் பெல்ட்டில் தங்கள் பெட்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகமூடியை இறக்கிவிட்டுப் போய், ஈர மாப்பை அவன் பளபளக்கும் ஷூவில் இடித்தாள்.

"காலைத் தூக்குண்ணே. நீ நிக்கிற இடத்தைத் துடைக்கணும்."