ஒரு ரூபாயின் மேல் ஏறிய சைக்கிள்

“ரோட்டுல ஒத்த ரூபா கெடந்தா போதும். சைக்கிள் அது மேல ஏறுறப்பவே பூவா தலையான்னு என் பின்பக்கம் சொல்லிப்புடும்.”

ஏற்காட்டு டீக்கடையில் சைக்கிள்காரப் பெரியவர் இதைச் சொன்னதும் குரங்குகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நாற்பது வருடமாக அவருடையது இரும்பு ஃபிரேம். இரும்பு விஷயத்தைச் சொல்லும், ஆனால் பதமாகச் சொல்லும் என்பார். அலுமினியம் ஓயாத வாய். சேலம் போய்ச் சேர்ந்ததும் பல்லை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பனா? பள்ளம், கல், எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

“அப்ப என் கார்பன்ல ஏறிச் சொல்லுய்யா.”

பொன்னுரங்கம். ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர். அந்தக் கார்பன் சைக்கிளைப் போன வாரம்தான் யாரிடமிருந்தோ பழசாக வாங்கியிருந்தார்.

பெரியவர் கண்ணைத் துண்டால் கட்டினார்கள்.

பொன்னுரங்கம் நாணயத்தைச் சுண்டினார். விழுந்த இடத்திலேயே விட்டார்.

நாணயத்துக்கு நேராகத் திருப்பிவிட்ட கார்பன் சைக்கிளில் பெரியவர் ஏறினார். பத்தடி. இருபதடி.

நாணயம் வந்ததா, போனதா, ஒன்றும் தெரியவில்லை. கார்பன் அதையும் விழுங்கியிருந்தது.

ஆனால் பெடலை அழுத்தியபோது கீழே ஏதோ ‘டிக்’ என்றது.

மறுபடி அழுத்தினார்.

‘டிக்.’

துண்டுக்குள் வியர்த்தது.

“என்னய்யா, பூவா தலையா?”

“பூ,” என்றார், வாய்க்கு வந்ததை.

பொன்னுரங்கம் குனிந்து நாணயத்தைப் பொத்தி எடுத்தார். “தலை!”

சிரித்த சிரிப்பு அடிவாரம் வரை கேட்டிருக்கும்.

பெரியவர் துண்டை அவிழ்த்தார். “ரூபாய விடுய்யா. இந்தச் சைக்கிள்ல கீழ எறங்காத. பேசாத ஃபிரேமு பேசுது. எங்கயோ விரிசல் விட்டிருக்கு.”

ரூபாயையே தப்பாகச் சொன்னவர் பேச்சை யார் கேட்பார்?

“பொறாமைய்யா உனக்கு,” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பொன்னுரங்கம் இறக்கத்தில் மறைந்தார்.

பெரியவர் டீயைத் தொடவில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக, தான் சொன்னது பொய்யாகப் போக வேண்டும் என்று நினைத்தார்.

கால் மணி நேரம். அரை மணி. பொன்னுரங்கத்துக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. டீயில் ஆடை படர்ந்தது.

வளைவில் பொன்னுரங்கம் தெரிந்தார்.

நடந்து. சைக்கிள் தோளில்.

சைக்கிளைத் தரையில் சாய்த்தார். பையிலிருந்து அதே நாணயத்தை எடுத்தார். ஃபிரேமின் கீழ்க்குழாயில் தட்டிக்கொண்டே வந்தார்.

டிங். டிங். டிங்.

பெடலுக்கு ஒரு சாண் முன்னால்,

தொப்.

பெயிண்டில் மயிரிழைபோல ஒரு கோடு. பொன்னுரங்கம் அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். குழாய் உள்ளே அமுங்கியது, பிஸ்கட் டப்பா மாதிரி.

டீக்கடைக்காரர் பால் பொங்கி வழிவதைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கட்டைவிரலில்.

“ரெண்டாவது வளைவுல பிரேக் புடிச்சேன். எனக்கும் கேட்டுச்சு.”

பொன்னுரங்கம் நாணயத்தைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

“பூதான்யா விழுந்து கெடந்துச்சு.”