அகலத்துக்கு ஒரு சமன்பாடு

காலையில் நிரோஜன் வரைந்துவைத்த மரவேலைப் படம், மாலையில் கணினித் திரையில் இரு மடங்கு அகலமாய்க் கிடந்தது.

“துவாரகா, சென்ரிமீற்றரை அங்குலமாக்கிப்போட்டீரோ?”

ஸ்காபரோ மருத்துவமனை வரை போய்த் திரும்பியிருந்த மனைவி சிரித்தாள். “அலகில நான் கைவைக்கேல்லை. ஒரு இலக்கத்தைத்தான் மாத்தினனான்.”

“எல்லாத்தையும் சமன்பாட்டில கட்டியிருக்கிறன். ஒண்டை மாத்தினா முழுக்க மாறும்.”

“அது தெரிஞ்சுதான் மாத்தினனான்.”

முணுமுணுத்தபடி சமன்பாட்டைத் திறந்தான். ‘அகலம் = பிள்ளை × 45 சென்ரிமீற்றர்’ அப்படியே இருந்தது. ‘பிள்ளை’க்கு நேரே அவன் போட்டிருந்த ஒன்று மட்டும் இரண்டாகியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். துவாரகா ஸ்கான் படத்தை நீட்டினாள்.

“தொட்டிலின்ர காலையும் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ. ரெண்டு பேரும் இப்பவே நல்லாத் துள்ளுகினம்.”