சுவரில் ஏறும் கசிவு

"ஏங்க, குளத்துல இருக்கற ஓட்டை ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்குமா?"

கரையில் கைகட்டி நின்றபடி பரிசோதகர் கேட்டார். பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருந்த குளத்துக்காரர் தலையைச் சொறிந்தார். இந்த நீச்சல் குளத்தைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

பரிசோதகருக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. பதினாறு வருஷ சர்வீஸ். யார் முகத்தைப் பார்த்தாலும் டிக்கெட் வாங்காதவர் மாதிரிதான் அவருக்குத் தெரியும். அப்பா விட்டுப்போன மனையை விற்று, வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு எட்டடியில், நாலடி ஆழத்தில் இந்தக் குளத்தைக் கட்டினார். அதிலிருந்து அவருடைய சந்தேகக் கண்ணுக்கு வீட்டிலும் ஓய்வில்லை.

பள்ளம் தோண்ட, கான்கிரீட் போட, டைல்ஸ் பதிக்க, மோட்டாரும் ஃபில்டரும் வைக்க என்று பணம் தண்ணீராய்ப் போனது. கட்டி முடித்தால் தீர்ந்ததா? மாசாமாசம் குளோரின், கரண்ட் பில். அதற்கும் மேலே ராத்திரி விளக்கு, ஸ்டீல் ஏணி, மூடி, சுற்றுவேலி என்று குளத்துக்காரர் இன்னொரு பட்டியல் நீட்டினார். "தலையில மிளகாய் அரைக்கப் பார்க்கறான்" என்று பரிசோதகர் நாலையும் பேனாவால் அடித்துவிட்டார்.

இதெல்லாம் போதாதென்று இந்தக் கசிவு. ஞாயிற்றுக்கிழமை லாரித் தண்ணீர் விட்டு நிரப்பி, குடும்பத்தோடு ஆசை தீரக் குளிப்பார். திங்கட்கிழமை டூட்டி முடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் பாதிக்கும் கீழே கிடக்கும். ஆறு மாதமாக இதே கதைதான்.

"ஓட்டை இருக்கற மட்டத்துக்கு வந்ததும் தண்ணி நின்னுடும் சார். அதை வச்சுத்தான் நாங்க இடத்தைக் கண்டுபிடிப்போம்" என்றார் குளத்துக்காரர். "முதல்ல தரையிலேர்ந்து பதினெட்டு அங்குலத்துல நின்னுச்சு. அங்க டைல்ஸைப் பேர்த்துப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. அப்புறம் பத்தொன்பதுல நின்னுச்சு. அங்கயும் பேர்த்தேன். இப்ப அதுக்கும் மேல நிக்குது. சுவத்துல ஏறிக்கிட்டே போற கசிவை என் அனுபவத்துல பார்த்ததே இல்ல சார்."

"நானும்தான் பார்த்ததில்ல. நான் வீட்ல இருந்தா தண்ணி அசையறதில்ல, டூட்டிக்குப் போனா இறங்குது. ரிப்பேர் ரிப்பேர்னு பணம் கறக்க யாரோ வந்து வடிகால் வால்வைத் திறந்துவிட்டுட்டுப் போறாங்க. யாருன்னு நான் சொல்லணுமா?"

"சார், நாலு பேர் வாய்வார்த்தையிலதான் என் பொழப்பே ஓடுது..."

"நாளைக்குக் கேஸ் போடறேன். அதுக்கப்புறம் நீங்க ஒரு தொட்டிகூடக் கட்ட முடியாது, பாருங்க."

குளத்துக்காரரின் முகம் செத்துப்போயிற்று. "கடைசியா ஒரு தடவை அளந்துடறேன்" என்று சட்டைப் பையைத் தடவினார். தன் டேப்பை வேறு வேலை நடக்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பின்வாசலில் பரிசோதகரின் மனைவி நின்றிருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கழுத்தில் தையல் டேப் தொங்கியது. ஒரு கைப்பிடியில், தண்ணீரைப் பார்த்துத் துள்ளும் வாண்டு மகன். அடுத்த மாதம் அவனுக்கு மூன்று வயது.

"அம்மா, அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க."

அவள் டேப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இது துணி அளக்கறது. நனைஞ்சா கெட்டுடும்."

"கெட்டா வேற வாங்கிக்கலாம், குடு" என்று பரிசோதகரே அதை உருவிக் குளத்துக்காரரிடம் போட்டார்.

குளத்துக்காரர் அளந்தார். சரியாக இருபது அங்குலம். டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், சுத்தி வேலி போட்டுடுங்க, கசிவு நின்னுடும்" என்றார் மெதுவாக. "எனக்குக் கூலிகூட வேணாம்."

"வேலி போட்டா கசிவு நிக்குமா? இப்பத்தான் சாயம் வெளுக்குது. நான் அடிச்சுவிட்ட வேலியை என் தலையில கட்டத்தான் இவ்வளவு நாடகமா?"

டேப்பை வெடுக்கென்று பிடுங்கிய பரிசோதகரின் கண்ணில் அது பட்டது. இருபதில் நீலப் பேனாவால் ஒரு கோடு. பதினெட்டிலும் பத்தொன்பதிலும் மங்கிப்போன கோடுகள்.

"இந்த ஆள் அளக்கறதுக்கு முன்னாடியே உன் டேப்புல எப்படிக் கோடு விழுந்துச்சு?" எத்தனையோ பேரைப் பிடித்தவர், சொந்த வீட்டில் ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை. "ரெண்டு பேரும் கூட்டா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க டூட்டிக்குப் போனதும் வால்வைத் திறந்துவிடறது நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"வேலி போடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். 'குளத்துக்காரன் உனக்கும் கமிஷன் தரானா'ன்னீங்க. அப்புறம் நான் கேக்கல. நீங்க இருந்தா பார்த்துக்க நாலு கண்ணு. மத்த நாள்ல நான் மிஷின்ல குனிஞ்சு உட்கார்ந்திருப்பேன். கதவுத் தாழ்ப்பாளை இவன் திறக்கக் கத்துக்கிட்டான். மொத்தமா வடிச்சா வெறுந்தரையில விழுந்து மண்டை உடையும்."

பேசிக்கொண்டே டேப்பை வாங்கி, வாண்டை நேராக நிற்கவைத்து, அவன் காலடியிலிருந்து மேலே பிடித்தாள். நீலக் கோடு அவன் இடுப்பில் வந்து நின்றது.

"விழுந்தாலும் எழுந்து நிக்கட்டும்னு, புள்ளை வளர வளர அளந்து அளந்துதாங்க தண்ணியை விட்டு வச்சேன்."