எட்டாத கொண்டி

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய துரை பங்களாவை வாங்கியிருப்பதாகச் சொன்ன ஜெயந்தினி, அலுமினிய ஜன்னல்களைக் கழற்றச் சொன்னாள்.

"பழைய மாதிரியே மரத்துல போடுங்க தம்பி. சின்ன வயசுலேருந்து பாத்த ஜன்னல். பச்சைப் பெயின்ட், கீழ்ப்பலகையில செதுக்கின திராட்சைக் கொத்து."

தச்சுவேலைக்கு வந்த சஜீவன் அளவெடுத்தான். "உள்ள கொண்டி மேலயா, கீழயா?"

"தெரியலையே."

"உள்பக்கமும் பச்சைதானா?"

"அதுவும் தெரியல."

சின்ன வயதிலிருந்து பார்த்தவளுக்குக் கொண்டி தெரியாதா? சஜீவன் டேப்பைச் சுருட்டினான்.

"அக்கா, இது நெசமாவே உங்க பங்களாதானா?"

ஜெயந்தினி வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"எங்கம்மா இந்தத் தோட்டத்துல கொழுந்தெடுத்தவங்க. தொரைகிட்ட லீவு கேக்க என்னையும் கூட்டிக்கிட்டு இங்கதான் நிப்பாங்க. உள்ள விடமாட்டாங்க."

அண்ணாந்து பார்த்தாள்.

"கொண்டிய எனக்குக் கை எட்டுற எடத்துல வைங்க தம்பி."